கொட்டும் குளவியும் கூலிக் கையும்

வீடு ஒருவருடையது. அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் கூடு கதண்டுகளுடையது. கூட்டைக் கலைக்கும்போது விழுகிற கொட்டு மட்டும், வீட்டுக்கும் கூட்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாம் ஒருவனுடையது! இது எப்படி நேர்ந்தது? இதிலே நீதி உண்டா? இதைத்தான் நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

சிறிய பொருள் என்று சிலர் முறுவலிக்கக்கூடும். நாட்டிலே எத்தனையோ பெரிய கேடுகள் இருக்க, குளவிக் கூட்டுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கக்கூடும். பெரிய கேடுகளைக் கண்டிக்க மேடை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, கைத்தட்டல் இருக்கிறது. கண்டிப்பார் இல்லாத சிறிய கேடோ நம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. மேடையிலே சமத்துவம் பேசிவிட்டு வீடு திரும்பும் நாம், அந்தத் தாழ்வாரத்தின் கீழே குனிந்துதான் உள்ளே நுழைகிறோம்.

ஓர் ஊரை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்த ஊராகவும் இருக்கலாம். பழைய ஓட்டுவீடு. தாழ்வாரத்து மூலையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை, எலுமிச்சங்காய் அளவில் முளைக்கிறது. மருமகள் பார்த்துவிட்டு, மாமியாரிடம் சொல்கிறாள். மாமியார் முகம் மலர்கிறது. "குளவி கூடு கட்டியிருக்கிறது! இந்த வீட்டில் தொட்டில் ஆடப்போகிறது. யாரும் கை வைக்காதீர்கள்" என்கிறார். மணமாகி நான்கு ஆண்டாகியும் பிள்ளையில்லாத அந்தப் பெண், அன்றுமுதல் நாள்தோறும் அந்த உருண்டையை அண்ணாந்து பார்க்கிறாள். உருண்டை மாங்காயாகிறது, தேங்காயாகிறது, பூசணிக்காயாகிறது. தொட்டில் ஆடவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுவன் எறிந்த பந்து கூட்டில் படுகிறது. பையன் வீறிட்டு ஓடுகிறான், முகம் வீங்குகிறது, ஊர் கூடுகிறது. கூட்டை அகற்றியே ஆகவேண்டும் என்று முடிவாகிறது.

யார் அகற்றுவது? வீட்டுப் பெரியவர் பக்திமான். "ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத குடும்பம் இது. நம் கையால் அந்தப் பாவம் வேண்டாம். அவனைக் கூப்பிடு" என்கிறார்.

'அவன்' வருகிறான். ஊரின் கடைக்கோடியிலிருந்து வருகிறான். அவனுக்கும் பெயர் உண்டு. அந்தத் தெருவில் அது பயன்படுவதில்லை. பொழுது சாய்ந்தபின் பழைய சாக்கைத் தலையிலும் தோளிலும் சுற்றிக்கொள்கிறான். மூங்கில் கழியின் நுனியில் துணிப்பந்தம், அதிலே மண்ணெண்ணெய். வீட்டார் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார்கள்; சன்னலைச் சாத்துகிறார்கள்; இடுக்கு வழியே பார்க்கிறார்கள். பந்தம் எழுகிறது, கூடு எரிகிறது, கருகிய இறக்கைகள் உதிர்கின்றன. தப்பியவை சும்மா போகவில்லை. கழுத்திலும் கையிலும் ஏழெட்டுக் கொட்டு. அவன் பல்லைக் கடித்துக்கொள்கிறான். கதவு திறக்கிறது. கூலி, கையில் அன்று, திண்ணையில் வைக்கப்படுகிறது. மறுநாள் காலையில் உயிர்க்கொலை நடந்த வீடு கழுவப்படுகிறது. குற்றம் தீர விளக்கு ஏற்றப்படுகிறது. குளவிகளுக்காக இரங்கிய அந்த வீட்டிலே, அவனுக்கு இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்க ஒரு வாய் திறக்கவில்லை!

இந்தக் காட்சியிலே மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று சகுனம். இரண்டு பாவம். மூன்றாவது, நாம் பிறகு காணப்போகும் ஒரு வசதியான பொய். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

முதலில் சகுனம். குளவி வீட்டிலே கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பது தமிழகம் முழுவதும் கேட்கும் பேச்சு. என்ன மண்ணால் கட்டியது என்று பார்த்து, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடுவோர் உண்டு! குளவி என்ற ஒரே சொல்லுக்குள்ளே நாம் பல உயிர்களை அடைத்து வைத்திருக்கிறோம். சன்னல் மூலையிலும் புத்தக அலமாரியின் பின்னாலும் ஈர மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுவது தனிக்குளவி. அதற்குக் கூட்டமில்லை, காவற்படையில்லை, கையால் பிடித்து நசுக்கினாலொழிய அது நம்மைக் கொட்டுவதில்லை. அது மண்ணறை கட்டுவது தன் பிள்ளைக்காக. நம் பிள்ளைக்காக அன்று. புழுவைக் கொட்டி மயக்கி, அறையில் இட்டு, முட்டையும் இட்டு மூடிவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளியே வருகிறது. இதை அரைகுறையாகப் பார்த்தவர்கள்தாம், குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிறது என்றார்கள். குரு கொட்டக் கொட்டச் சீடன் குருவாகிறான் என்று சொற்பொழிவாளர்கள் அதை உவமையாக்கினார்கள். பிரெஞ்சு நாட்டு ஆசிரியர் ழான் ஆன்றி ஃபாப்ர், வேட்டைக்குளவிகளின் பின்னாலேயே வெயிலில் அலைந்து, கொடுக்கு இரையின் நரம்பு மையத்தைத் தைத்துச் செயலிழக்கச் செய்கிறது என்று 1855-லேயே எழுதினார். உவமையில் சீடனாக வரும் புழு, உண்மையிலே உணவாகப் போகிறது!

கதண்டு வேறு. தென்மாவட்டங்களில் இதனைக் கடந்தை என்பர். கருத்த உடல், வயிற்றின் குறுக்கே மஞ்சள் பட்டை. மரப்பட்டையையும் நாரையும் மென்று, எச்சிலில் குழைத்து, காகிதம் போன்ற ஒரு பொருளைச் செய்து, அதனால் அடுக்கடுக்காக அறுகோண அறைகள் கட்டி, மேலே உறையிட்டு, வாயில் ஒன்று வைக்கும். பெரும்பாலும் தாய்க்குளவி ஒன்றே தொடங்குகிறது. அதன் மக்கள் பெருகப் பெருகக் கூடும் பெருக்கிறது. இங்கேதான் சகுனத்தின் விலை தெரிகிறது. எலுமிச்சங்காய் அளவில் இருந்தபோது எளிதாக அகற்றியிருக்கக்கூடிய கூடு, நல்ல சகுனம் என்று காத்திருந்த ஒவ்வொரு கிழமையும் வளர்ந்தது. காத்திருந்தது மாமியார். அந்தக் காத்திருப்புக்குத் தன் கழுத்தால் விலை கொடுத்தவனோ சகுனத்தைக் கேட்டவனுமல்லன், நம்பியவனுமல்லன்.

அந்த மருமகளை நாம் பழிக்கவில்லை. பிள்ளையில்லை என்று ஊர் அவளைக் குத்திக்கொண்டிருந்தது; ஊரின் கொடுக்கு, கதண்டின் கொடுக்கைவிடக் கூரியது. மருத்துவரிடம் போகவேண்டிய கணவனும் மனைவியும் குளவியின் தயவை எதிர்பார்த்து நிற்கும்படி விட்டது யார் குற்றம்?

இரண்டாவது முடிச்சு, பாவம். இதுவே நம் கட்டுரையின் நடுப்பொருள். கூட்டை எரிப்பது பாவமா, அன்றா? பாவம் என்றால், செய்யாதே, செய்விக்கவும் செய்யாதே. பாவமில்லை என்றால், செய்தவன் கையில் கூலியைக் கொடு, திண்ணையில் வைக்காதே. இரண்டிலே ஒன்றுதான் நேர்மை. ஆனால் பெரியவர் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தார். செயல் நடக்கவேண்டும், பயன் தமக்கு வேண்டும், பழி மட்டும் அடுத்தவன் கணக்கில் ஏறவேண்டும். பாவத்தையும் கூலிக்கு விடும் இந்தத் தந்திரம் நம் நாட்டிலே புதியதன்று. மாடு செத்தால் அப்புறப்படுத்த ஒருவன், சாக்கடை அடைத்தால் இறங்க ஒருவன், பிணம் எரிக்க ஒருவன். வேலை முடிந்ததும் அந்த வேலையாலேயே அவன் தாழ்ந்தவன் என்று ஒரு தீர்ப்பு! மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் சட்டம் செய்ய நேர்ந்ததே, அதன் பொருள் என்ன? மனச்சான்று தானாக விழிக்கவில்லை, சட்டம் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது என்பதுதானே?

நாம் கேட்பது ஒரு சிறிய தருக்கம். தேவையான செயல் ஒன்று உண்டென்றால், அதைச் செய்பவன் அதன் பயனை நுகர்பவனைவிட இழிந்தவனாக முடியாது. செய்பவனாவது இடரை ஏற்றான். நுகர்ந்தவன் இடுக்கு வழியே பார்த்தான். ஏற்றத்தாழ்வு கற்பித்தே தீரவேண்டுமென்றால், எவரை மேலே வைப்பது என்று இளைஞர்களே தீர்ப்புக் கூறட்டும்.

"அவன் விரும்பித்தானே வந்தான்? கூலி பேசித்தானே பந்தம் பிடித்தான்?" என்று ஒரு குரல் எழும். பேசிய கூலி எதற்கு? கை உழைத்ததற்கு. உயிருக்கு விலை பேசப்பட்டதா? அடுப்பெரியாத வீட்டிலிருந்து வருகிறவனுடைய 'சம்மதம்' எவ்வளவு தூரம் அவனுடையது, எவ்வளவு தூரம் அவன் பசியினுடையது? வீட்டுப் பெரியவருக்கு அதே கூலியை இரட்டித்துக் கொடுத்தால் அவர் பந்தம் பிடிப்பாரா? பிடிக்கமாட்டார் என்றால், அந்தக் கூலி இடருக்குச் சமமானதன்று, இல்லாமைக்குச் சமமானது.

மூன்றாவது முடிச்சுக்கு வருவோம். "அவனுக்கு ஒன்றும் ஆகாது; பழகிய உடம்பு; கொட்டிக் கொட்டி நஞ்சு ஏறாது; மந்திரமும் தெரியும்" என்ற பேச்சு அது. எவ்வளவு வசதியான பேச்சு! இதை நம்பிவிட்டால் உடை கொடுக்க வேண்டாம், மருத்துவம் பார்க்க வேண்டாம், உறக்கமும் கெட வேண்டாம்.

உண்மை என்ன? 1902-ஆம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டு அறிஞர்கள் சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை வைத்து நாய்களிடம் ஆராய்ச்சி செய்தார்கள். சிறிது சிறிதாக நஞ்சு கொடுத்தால் உடல் பழகித் தாங்கும் என்பதுதான் அவர்களுடைய எதிர்பார்ப்பும். நடந்ததோ தலைகீழ். முதல் முறை தாங்கிய நாய், சில வாரங்களுக்குப்பின் கொடுத்த சிறு அளவிலேயே மூச்சுத் திணறிச் சிறிது நேரத்தில் இறந்தது. முதல் நஞ்சு உடலைக் காக்கவில்லை. அடுத்த நஞ்சுக்கு அதனை வெடிமருந்தாக்கி வைத்திருந்தது! இந்தக் கடும் ஒவ்வாமையைக் கண்டறிந்ததற்காக ரிஷேக்கு 1913-இல் நோபெல் பரிசு கிடைத்தது. குளவிக் கொட்டிலும் இதே நிகழ்கிறது. எல்லார்க்குமன்று, சிலர்க்கு. முன்பு பலமுறை கொட்டு வாங்கியும் நன்றாக இருந்தவர், அடுத்த ஒரே கொட்டிலே மூச்சடைத்து விழக்கூடும். யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒருவன் பத்துக் கொட்டிலும் பிழைத்து, இன்னொருவன் ஒரு கொட்டில் மடிந்தபோது, நம் முன்னோர் அதற்கு 'விதி' என்று பெயர் வைத்தார்கள். அறிவுலகம் காரணத்தைக் கண்டு, அட்ரினலின் ஊசியை மருந்தாகக் காட்டியிருக்கிறது. ஆகவே, அடிக்கடி கொட்டு வாங்குகிறவன் காப்பு உள்ளவன் என்று முடிவு கட்டுவது தவறு. நாம் மிகவும் கவலைப்பட வேண்டியவன் அவனே.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வாமை இல்லாத உடலுக்கும், கொட்டு பலவாகும்போது நஞ்சின் அளவே பகையாகிறது. தசை சிதைகிறது, குருதியின் சிவப்பணுக்கள் உடைகின்றன, அவற்றைக் கழிக்க இயலாமல் சிறுநீரகம் ஓய்ந்துபோகிறது. இது உடனே தெரிவதுமில்லை. ஒன்றிரண்டு நாள் சென்றும் தெரியலாம். அன்றிரவு அவன் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான் என்பதாலே பிழைத்துவிட்டான் என்று பொருளாகாது. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவி அனுப்பிவிட்டுக் கணக்கு முடிந்தது என்பார் இதை உணரவேண்டும். பல கொட்டு விழுந்தவனையும், முகம் வீங்கி மூச்சு இழுப்பவனையும் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதே முதல் உதவி.

கதண்டின் படை எத்தகையது என்பதையும் எண்ணுக. தேனீயின் கொடுக்கு முள்வைத்தது. மனிதத் தோலில் ஒருமுறை தைத்தால் அங்கேயே தங்கிவிடும், தேனீயும் மடியும். கதண்டின் கொடுக்கு அப்படிச் சிக்குவதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும். நசுக்கப்பட்ட கதண்டின் நஞ்சிலிருந்து எழும் மணம் மற்றவற்றைப் போருக்கு அழைக்கும் முரசு. 2013-ஆம் ஆண்டு சீனத்தின் சான்சி மாநிலத்திலே, அன்காங் முதலிய பகுதிகளில் சில மாதங்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கதண்டு இனத்தின் கொட்டுக்குப் பலியானார்கள். 1,600-க்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். அத்தகைய படையின் எதிரே, சாக்கு ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒருவனை அனுப்புகிறோம்!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து பிளெய்ன் ஊரில், ஆசியப் பெருங்கதண்டின் கூடு ஒன்று, ஒரு வீட்டு நிலத்து மரப்பொந்தில் இருப்பது தெரிந்தது. அது அந்த நாட்டுக்கு வந்தேறிய இனம், தேனீக்களை அழிப்பது. அரசின் பூச்சியியல் வல்லுநர்கள் கதண்டுகளை உயிரோடு பிடித்து, நூலால் சிறு வானொலிக் கருவி கட்டிப் பறக்கவிட்டு, பின்தொடர்ந்து கூட்டைக் கண்டார்கள். தலைமுதல் கால்வரை தடித்த உடை, முகத்துக்குக் கவசம். பொந்தைச் சுற்றிலும் அடைத்து, உறிஞ்சு குழாயால் கதண்டுகளை உறிஞ்சி எடுத்தார்கள். தொடர்ந்த தேடலின் பயனாக, அந்த இனம் நாட்டிலிருந்து ஒழிந்தது என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அவர்களும் மனிதர்கள், நம் ஊர்க் கடைக்கோடியிலிருந்து வந்தவனும் மனிதன். கொடுக்கு இருவருக்கும் ஒன்றே. வேறுபட்டது, செய்பவன் உயிருக்கு ஊரார் இட்ட மதிப்பு.

அமெரிக்கா வரை போவானேன்? நம் நாட்டிலேயே, தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர், கதண்டுக் கூடு என்று அழைத்தால் வருகிறார்கள். 101 என்றோ 112 என்றோ எண்ணைச் சுழற்றினால் போதும். வருகிறவர் இன்ன சாதியாக இருக்கவேண்டும் என்ற விதி இல்லை. இன்ன பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்ற விதி உண்டு. நாம் இதனைச் சிறிய மாற்றமாகக் கருதவில்லை. பிறப்பால் சுமத்தப்பட்டது பயிற்சியால் ஏற்கப்படுவதாக மாறியிருக்கிறது. பெயரில்லாத 'அவன்' இருந்த இடத்திலே சீருடையும் பதவிப்பெயரும் ஊதியமும் உள்ள ஓர் ஊழியர் நிற்கிறார். சமுதாயம் தன் இடரைத் தானே ஏற்று, அதற்கெனத் தன் மக்களில் சிலரைப் பயிற்றி, ஊதியம் கொடுத்து நிறுத்துவதற்குப் பெயர் பொதுப்பணி. பெரியவர் செய்தது பொறுப்பைத் தள்ளுவது; இது பொறுப்பைப் பகிர்வது.

பகிர்ந்துவிட்டோம் என்று உறங்கிவிடவும் கூடாது. வருகிற தீயணைப்பு வீரருக்குக் கொடுக்கு நுழையாத உடை இருக்கிறதா? கையுறை, முகவலை உண்டா? ஒவ்வாமைக்கான ஊசிமருந்து அருகில் உண்டா? நகரங்களில் பூச்சி ஒழிக்கும் நிறுவனங்களின் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் காப்பீடு உண்டா? பாதுகாப்பு உடை அவர்கள் உடம்பின் மீது இருக்கிறதா, விளம்பரப் படத்தில் மட்டும் இருக்கிறதா? கட்டணத்தைக் கொடுக்கும் வீட்டார், இதைக் கேட்க உரிமையுள்ளவர்கள். நாம் சொல்வோம், கடமையுள்ளவர்கள். உடையில்லாமல் ஏணியில் ஏறப்போகும் ஆளை, "வேண்டாம் தம்பி, இறங்கு, உடையோடு வா, காத்திருக்கிறோம்" என்று சொல்லக்கூடிய வீடே அறம் அறிந்த வீடு.

இனிக் கதண்டின் பக்கமும் ஒரு சொல். அதனைப் பகைவன் என்று வெறுப்பதும் மடமை. அதற்குச் சினமில்லை, சூழ்ச்சியில்லை. தன் கூட்டுக் குஞ்சுகளைக் காப்பதற்காகக் கொட்டுகிறது. தன் குஞ்சுக்கு உணவாகக் கம்பளிப்புழுக்களையும் வேறு பூச்சிகளையும் வேட்டையாடி, பயிருக்கும் மரத்துக்கும் துணை செய்கிறது. தோப்பின் கோடியில், ஆள் நடமாட்டமில்லாத மரத்தின் உச்சியிலுள்ள கூட்டை, கண்டோம் என்பதற்காகவே கொளுத்த வேண்டியதில்லை. குழந்தைகள் ஓடும் தாழ்வாரத்தில் இருந்தால் அகற்றத்தான் வேண்டும். உயிரைத் தேவையின்றி அழிக்காதிருப்பதற்கு நமக்கு நரகத்தின் அச்சம் தேவையில்லை, அறிவே போதும். தேவையான இடத்தில் அகற்றுவதற்குப் பாவமன்னிப்பு விளக்கும் தேவையில்லை; பொறுப்புணர்ச்சியே போதும்.

பகுத்தறிவு என்பது சகுனத்தைக் கேலி செய்வதோடு முடிந்துவிடுகிற பொழுதுபோக்கு அன்று. சகுனத்தை நம்பாத நாமே, "அவனைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், பெரியவருக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? அவர் விளக்கேற்றினார், நாம் ஏற்றவில்லை. அவ்வளவுதானே! கொட்டு விழுந்த கழுத்து அதே கழுத்துதான்.

ஆகவே, இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இன்று வீடு திரும்பியதும் தாழ்வாரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மண்கூடு என்றால் அஞ்சாதீர்கள், அதனிடம் பிள்ளைவரமும் கேட்காதீர்கள். கதண்டுக் கூடு என்றால், சிறிதாக இருக்கும்போதே, பயிற்சியும் உடையும் உள்ளவர்களை அழையுங்கள். அவர்கள் வேலை செய்யும்போது பாதுகாப்பான தொலைவில் இருங்கள். ஆனால் விளக்கை அணைத்து ஒளிந்துகொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் அவர்கள் பெயரைக் கேளுங்கள்; கொட்டு விழுந்ததா என்று கேளுங்கள். கொடுக்க வேண்டியது எதுவாயினும், நன்றியாயினும் தண்ணீராயினும், திண்ணையில் வைக்காமல் கையில் கொடுங்கள்.